விறகு ஏறும் மலை

திங்கள் – அவிசாவளை வழியாக ஹட்டன்

கொழும்புக்கு வெளியே ஒரு துணிச் சாயத் தொழிற்சாலையில் பாய்லர் என் பொறுப்பு. முன்பு உலை எண்ணெய் குடித்த பாய்லர், இப்போது விறகுச் சீவல் தின்கிறது. எண்ணெய்க் காலத்தில் ஒரு போன் போட்டால் எண்ணெய்த் தாங்கி லொறி, எங்கள் பேச்சில் பவுசர், வந்து நிற்கும். விறகுக்கு மாறிய பிறகு என் வேலையில் பாதி, யாரிடம் சரக்கு இருக்கிறது, எப்போது ஏற்றுவார்கள், எவ்வளவு ஈரம் என்று விசாரிப்பதிலேயே போகிறது. அதனால் இந்த முறை ஊர்ப்பக்கம் போகும்போது, கோயில் குளம் என்று சுற்றாமல் விறகு வரும் வழியைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் யாரும் கூட வரச் சம்மதிக்கவில்லை. நியாயம்தான்.

கித்துல்கலையைத் தாண்டியதும் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு விறகு லொறி மாட்டியது. கினிகத்தேனை வரை முந்த இடமில்லை. முதல் கியரில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. மேலே இறப்பர் விறகு, மூன்றடி நீளத்துக்குத் தறித்து அடுக்கியது. வெட்டுமுகம் இன்னும் வெள்ளையாக, பால் கசிந்து காய்ந்த கறையோடு இருந்தது. தறித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர். 10 தொன் ஏற்றிய லொறி என்றால், கீழ்நாட்டில் கிடந்த 5 தொன் தண்ணீரை 1,271 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹட்டனுக்கு டீசல் எரித்துத் தூக்கிக்கொண்டு போகிறது. மழைக்குப் பேர்போன ஊருக்குத் தண்ணீர் ஏற்றுமதி!

மலையகத் தேயிலை ஸ்டோர்கள், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலைகள், பலவும் இந்த இறப்பர் விறகை நம்பித்தான் ஓடுகின்றன. இறப்பர் மரத்தில் 25, 30 வருடம் பால் வெட்டிவிட்டுத் தறித்து மறுநடுகை செய்வார்கள். தண்டு பலகைக்கும் தளபாடத்துக்கும் போகும், மிச்சம் விறகு. இதில்தான் சிக்கல். இறப்பர் நல்ல விலைக்குப் போகும் வருடத்தில் தோட்டக்காரர் மரத்தில் கை வைக்க மாட்டார், இன்னும் இரண்டு வருடம் பால் எடுக்கலாமே என்று விட்டுவைப்பார். அப்போது தேயிலை உலர்த்த விறகு தட்டுப்படும். போதாக்குறைக்கு எங்களைப் போன்ற கீழ்நாட்டுத் தொழிற்சாலைகளும் எண்ணெயை விட்டுவிட்டு அதே மரத்துக்குப் போட்டி போடுகிறோம். விறகுக்கென்றே வளர்க்கக்கூடிய கிளிரிசீடியா மரம் இந்த நாட்டில் வேலிக்கு வேலி நிற்கிறது. அது ஏன் லொறியில் ஏறுவதில்லை? அதைத்தான் பார்க்க வேண்டும்.

செவ்வாய் – டிக்கோயாப் பக்கம் ஒரு ஸ்டோர்

மாமா ஓய்வுபெற்ற டீமேக்கர், ஸ்டோரில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர். ஓய்வு என்பது பேருக்குத்தான். காலையில் தேத்தண்ணி குடித்ததும் ஸ்டோர் பக்கம் ஒரு நடை போய் வந்தால்தான் அவருக்குச் சரிப்படும். இன்று நானும் கூடப் போனேன்.

எல்லோரும் ஸ்டோருக்குள் நுழைந்ததும் வாசனை பிடிக்கிறார்கள், ரோலரைப் படம் எடுக்கிறார்கள். பின்பக்கம் விறகுக் கொட்டகைக்கு யாரும் போவதில்லை. தேயிலையின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ தூள் செய்ய நாலரை கிலோ கொழுந்து வேண்டும். மிச்ச மூன்றரை கிலோவும் தண்ணீர். அந்தத் தண்ணீரை வாட்டும்போது கொஞ்சமும் ட்ரையரில் மீதியுமாக விரட்டி, கடைசியில் 3 வீத ஈரம் மிஞ்சுமாறு நிறுத்த வேண்டும். இதற்குக் கிலோ தூளுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ விறகு போகிறது. நாளுக்கு 2,000 கிலோ தூள் எடுக்கும் ஸ்டோர் என்றால் 3, 4 தொன் விறகு. பெப்ரவரி மாதம் திம்புலப் பக்கம் நல்ல தூள் வரும் காலம், காய்ந்த காற்று, குளிர்ந்த இரவு. இந்த நேரத்தில் ட்ரையருக்குச் சூடுகாற்று அனுப்பும் விறகு ஹீட்டர் சொதப்பினால் டீமேக்கருக்குத் தூக்கம் இல்லை.

ஹீட்டருக்கு முன்னால் நிற்பவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இரும்புக் கதவைக் கம்பியால் இழுத்துத் திறக்கிறார், இரண்டு கட்டையை உள்ளே தள்ளுகிறார், நீளக் கொக்கியால் தணலைப் பரப்புகிறார், மூடுகிறார். திறந்து மூடுவதற்குள் மூச்சு விடுகிற நேரம்தான். கதவு அதிக நேரம் திறந்திருந்தால் குளிர்காற்று புகுந்து சூடு விழுந்துவிடும். ட்ரையருக்குப் போகும் காற்று 90 பாகைக்கு மேல் நிற்க வேண்டும். சுவரில் இருக்கும் வெப்பமானியை அவர் பார்ப்பதே இல்லை, சத்தத்தைக் கேட்கிறார். காய்ந்த கட்டை வெடித்து எரியும். பச்சைக் கட்டை சீறும், முனையில் நுரை தள்ளும்.

“பச்சை விறகு போட்டா சூடு எழும்பாது மாப்ள. சூடு எழும்பலேன்னா தூள் ட்ரையருக்குள்ளேயே அவிஞ்சு போயிரும். அப்புறம் கொழும்பு ஏலத்துல சுவைக்கிறவன் ஒரு வாய் வெச்சுட்டுத் துப்பிட்டுப் போயிருவான்” என்றார் மாமா. மலையில் நின்று கொழுந்து கிள்ளிய அத்தனை பேரின் உழைப்பும் ஒரு நனைந்த கட்டையில் போகும் என்று அர்த்தம்.

பிறகு விறகு இறக்குவதைப் பார்த்தோம். லொறியை நிறுத்தி, அடுக்கின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளக்கிறார்கள். கனமீட்டர் கணக்கு. இதில் நடக்கும் வித்தைகள் மாமாவுக்கு அத்துப்படி. கோணல் கட்டைகளைக் குறுக்கே வைத்து அடுக்கினால் நடுவில் பூனை நுழையும் அளவுக்கு வெற்றிடம் விழும். வெளியே தெரியும் வரிசையில் மட்டும் நேரான கட்டை இருக்கும். அவர் காலத்தில் ஒரு கம்பியை அடுக்குக்குள் குத்திப் பார்ப்பாராம். கம்பி சுலபமாகப் போனால் லொறிக்காரரோடு சண்டை. இப்போது சில ஸ்டோர்கள் எடைக்கு வாங்குகின்றன. காற்றுக்குக் காசு கொடுப்பது நின்று, தண்ணீருக்குக் காசு கொடுப்பது தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மலைகளில் விறகுக்குப் பஞ்சம் என்பதே யோசித்துப் பார்த்தால் விசித்திரம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரையில் 19 ஏக்கரில் தேயிலை வைப்பதற்கு முன்பே, கோப்பிக்காக இந்தக் காடுகளை வெட்டிக் கொளுத்திவிட்டார்கள். எரித்த மரத்தைக் கணக்கெடுக்கக்கூட ஆள் இல்லை. பிறகு ஸ்டோர்களுக்கு மரம் குறைந்தது, எண்ணெய் வந்தது. மாமா வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் கடைசியில் இங்கே எண்ணெய் ஹீட்டர்தான் ஓடியதாம். எண்ணெய் விலை ஏறஏற ஒவ்வொரு ஸ்டோராகத் திரும்பவும் விறகுக்கு வந்தது. மரம் திரும்பி வரவில்லை, ஹீட்டர் மட்டும் திரும்பி வந்தது.

புதன் – தலவாக்கலை, நுவரெலியா

இன்று சுருக்கமாக எழுதுகிறேன், குளிரில் விரல் ஓடவில்லை.

தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தைக் கடந்து வந்தோம். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் இடம். தேயிலைக்கு நூறு வருட ஆராய்ச்சி இருக்கிறது. அதற்கு மேலே ரோட்டோரம் முழுக்க டர்பன்டைன் மரங்கள், அதாவது ஸ்டோர்களுக்கென்று தோட்டங்கள் வைத்த யூக்கலிப்டஸ். வேகமாக வளரும், நேராக நிற்கும், பிளக்கவும் சுலபம். ஆனால் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது என்ற புகார் ஊற்றுத் தண்ணீரை நம்பி லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழும் ஆட்களிடம் எப்போதும் உண்டு. தறிப்பதற்கும் நினைத்தபடி முடியாது. 5,000 அடிக்கு மேலே காடு வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 1873இலேயே வந்தது. அனுமதி, கடிதம், இன்னொரு அனுமதி என்று அலைய வேண்டும். அது சரிதான் என்பது என் கட்சி. இந்தச் சரிவுகளில் மரத்தை எடுத்தால் மண்ணும் கூடவே வந்துவிடும்.

நான் தேடி வந்த கிளிரிசீடியா இந்த உயரத்தில் உருப்படியாக வளராது. குளிர் ஒத்துக்கொள்ளாது. அது கீழே, சூடான சரிவுகளில் வளர்கிறது. சூடு தேவைப்படும் ஸ்டோர்களோ மேலே. எனவே சரக்கு எப்போதும் மலை ஏறித்தான் ஆக வேண்டும், ஏறும்போது எடை முக்கியம். இது இந்தச் சங்கிலியின் முதல் கணக்கு.

வியாழன் – ராகலை, வலப்பனை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை வழியாக பஸ். இந்த வழியில் ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியது. நானு ஓயாவில் தொடங்கி ராகலை வரை, 1900களின் தொடக்கத்தில் போட்ட சிறிய பாதை. தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்க, உரத்தையும் அரிசியையும் மேலே ஏற்ற. 1940களில் மூடிவிட்டார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், தண்டவாளம் போன இடத்தைக் கையால் காட்டிக்கொண்டே வந்தார். விறகு ஏற்ற இந்த ரயில் இன்று இருந்தால் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.

ராகலை தாண்டி இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. தேயிலை குறைந்து வீட்டுத் தோட்டம், மிளகு, வயல் என்று மாறுகிறது. வேலிகளில் கிளிரிசீடியா தலைகாட்டுகிறது. தடி வெட்டி ஊன்றினால் முளைக்கும், காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடித்து வைக்கும், இடுப்பளவில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் மரமாகவே ஆகிவிட்டது. நட்டு ஒன்றரை, இரண்டு வருடத்தில் முதல் வெட்டு, அதன்பின் வருடத்துக்கு ஒரு வெட்டாவது எடுக்கலாம்.

2005இல் அரசு இதை நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தது. தேயிலை, இறப்பர், தென்னை, அடுத்து இது. அந்தக் காலத்தில்தான் வலப்பனையில் விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் 1 மெகாவாட் நிலையமும் மின்கட்டமைப்போடு சேர்ந்தது. நீண்ட காலம் ஓடவில்லை.

பாய்லர்க்காரன் கண்ணால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறிய நிலையம் ஒன்று ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றேகால் கிலோ காய்ந்த விறகு தின்னும். 1 மெகாவாட் என்றால் மணிக்கு ஒன்றேகால் தொன், நாளுக்கு 30 தொன். வருடத்துக்கு 10,000 தொன் பக்கம். நெருக்கி நட்ட கிளிரிசீடியா ஹெக்டேயருக்கு 10லிருந்து 20 தொன் தரும் என்று வைத்தால், 500லிருந்து 1,000 ஹெக்டேயர் வேண்டும், அதுவும் பக்கத்திலேயே. இது காகிதத்தில் கஷ்டமாகத் தெரியாது. ஆனால் வலப்பனையில் ஒரு மேட்டில் நின்று பாருங்கள். ஒருவருக்குக் கால் ஏக்கர், இன்னொருவருக்கு அரை ஏக்கர், நடுவில் ஓடை, பள்ளம், ஒற்றையடிப் பாதை. 30 தொன் என்பது ஒரு லேன்ட்மாஸ்டருக்கு, அதாவது இழுபெட்டி மாட்டிய இரண்டு சக்கர டிராக்டருக்கு, 30, 40 நடை. ஒவ்வொரு நடைக்கும் பத்து வீட்டு வேலியை வெட்டிக் கட்ட வேண்டும். மழை பெய்தால் யாரும் வெட்டப் போவதில்லை, பாய்லருக்கோ மழை லீவு கிடையாது.

மிளகுக்கொடி ஏற்றிய ஒரு தோட்டத்தில் சொந்தக்காரர் எனக்கு வெல்லம் கடித்துக் குடிக்க வெறுந்தேத்தண்ணி கொடுத்தார். மிளகுக்குக் கிளிரிசீடியாதான் தாங்குமரம். வருடத்துக்கு இரண்டு தடவை கிளை கழித்து வெயில் விட வேண்டும். கழித்த கிளை என்ன ஆகிறது என்று கேட்டேன். இலை மரத்தடிக்கு, கொஞ்சம் அடுப்புக்கு, மிச்சம் பள்ளத்துக்கு. யாராவது வாங்க வந்தால் கொடுப்பீர்களா? “கொடுக்கலாம். ஆனா வெட்டி ரோட்டுக்குத் தூக்கிட்டு வர ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி ஆகும். அவங்க தர்ற காசு அதுக்கே காணாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வது போலச் சொன்னார்.

மரம் இருக்கிறது. எரிக்க உலை இருக்கிறது. நடுவில் இருக்கும் இந்த ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது என்பதற்கு விடை இல்லாமல்தான் நான்காவது பெருந்தோட்டப் பயிர் பள்ளத்தில் கிடக்கிறது.

வெள்ளி – நானு ஓயா, பதுளை ரயில்

1885இல் நானு ஓயா வந்த ரயில் பதுளை போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. நான் ஏறிய ரயிலும் அந்த வரலாற்றை மதித்தே ஓடியது. பட்டிப்பொலையைத் தாண்டியதும் பாதையின் உச்சி, 1,898 மீட்டர், அதன் பிறகு சுரங்கம், வெளியே வந்தால் ஊவா. வடகீழ் மழை முடிந்து அதிக நாள் ஆகவில்லை, அதனால் புல்வெளி எல்லாம் பச்சை. வெளிநாட்டுக்காரர்கள் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விடுகிறேன்.

ஹப்புத்தளையில் ஏறிய ஒரு டீச்சர் அக்காவோடு பேச்சு வந்தது. விறகு பார்க்கப் போகிறேன் என்றதும் சிரித்தார். “எங்க அம்மா வாழ்க்கை முழுக்கப் பார்த்தது அதைத்தான் தம்பி” என்றார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் மிலாறு, அதாவது வெட்டி விழுந்த குச்சிகளைப் பொறுக்கித் தலையில் கட்டி வருவது, லயத்துக் கூரைக்கடியில் அடுக்கி வைப்பது, புகை. 2022இல் சமையல் எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனபோது, காஸ் வாங்கப் பழகியிருந்த வீடுகளும் திரும்ப மிலாறுக்கு வந்ததாம்.

விறகுப் பயிர் நட்டால் நம் ஆட்களுக்கு வருமானம் வருமா என்று கேட்டார். காணி எங்கே அக்கா என்று திருப்பிக் கேட்டேன். புது வீட்டுத் திட்டங்களில் இதுவரை பலருக்குக் கிடைத்தது 7 பேர்ச், அதாவது 177 சதுர மீட்டர். சுற்றிவர நெருக்கி வேலி வைத்தால் நூறு மரம் நிற்கும். சொந்த அடுப்புக்கே சரியாகப் போய்விடும். அதே தோட்டத்தில் தேயிலை செத்துப் புல் மண்டிய மலைகள் கிடக்கின்றன. அதைப் பிரித்து, கொழுந்துக்குச் செய்வது போல ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று விறகுக்கும் விட்டால் கணக்கு வேறு. விறகுப் பயிர் பற்றிய பேச்சுகளில் ‘சிறு விவசாயி’ என்று சொல்லும்போது மலையகத் தொழிலாளி அதில் வருவதே இல்லை. விவசாயி ஆவதற்கு முதலில் காணி வேண்டுமே!

தெமோதரை ஸ்டேஷனில் மாமாவிடம் தொழில் பழகிய டீமேக்கர் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். அவருடைய ஸ்டோருக்கு இறப்பர் விறகு வெகு தூரத்திலிருந்து வருகிறது. பசறைப் பக்கம் கிளிரிசீடியா வாங்கி விற்கும் ஒருவரைத் தெரியும், நாளைக்குக் கூட்டிப் போகிறேன் என்றார்.

சனி – பசறை

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியெல்லாம் இளஞ்சிவப்பு. கிளிரிசீடியா இலையை உதிர்த்துவிட்டுக் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கிறது. பஸ்ஸில் எல்லோரும் ரசித்தார்கள். எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இந்த மரம் முற்றிய கிளையில்தான் பூக்கும். ஒழுங்காக வெட்டி எடுக்கும் வேலியில் பூ இருக்காது. அதாவது பூத்து நிற்கும் ஒவ்வொரு வேலியும் விலை போகாத வேலி.

விறகு சேகரிப்பவர் முன்பு மிளகு வியாபாரம் செய்தவர். ஊரில் எல்லோரும் நானா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரிடம் ஒரு லேன்ட்மாஸ்டர், ஒரு தொங்கு தராசு, இரண்டு பையன்கள், ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை ஒன்று. வேலிக்காரர் வெட்டிக் கட்டி வைத்தால் வந்து நிறுத்து எடுப்பார். கட்டின் தடிமன் பெருவிரலுக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார். தராசு முள் நிற்கும் வரை இரு பக்கமும் மூச்சு விடுவதில்லை. காசு உடனே கையில். “கடன் சொன்னா அடுத்த முறை வேலிக்குள்ளேயே விடமாட்டாங்க தம்பி.”

கொட்டகையில் கட்டுகள் பச்சையாகவே இருந்தன. காயவைத்து விற்றால் என்ன என்று கேட்டேன். இந்தப் பயணத்தில் நான் கேட்ட உருப்படியான பதில் அதற்குத்தான் வந்தது.

“காய வெச்சா எடை போயிரும். எடைக்குத்தான் காசு தாராங்க. நான் ஏன் காய வெக்கணும்?”

அவர் சொன்னதைக் கணக்காக்கிப் பார்த்தேன். பாதி தண்ணீராக இருக்கும் 100 கிலோ பச்சை விறகை 20 வீத ஈரத்துக்குக் காயவைத்தால் 62.5 கிலோ மிஞ்சும். எடையில் 37.5 வீதம் நட்டம். சூட்டில்? பச்சை விறகு கிலோவுக்கு 8 மெகாஜூல் தரும், காய்ந்தது பதினான்கரை. பச்சையாக எரித்தால் மொத்தம் 800, காயவைத்து எரித்தால் 900க்கு மேல். அதாவது சூடு கூடியிருக்கிறது, கிடைக்கும் காசு குறைந்திருக்கிறது. கொட்டகை போட்டு, இடத்தை அடைத்து, சில வாரம் முதலை முடக்கிக் காயவைக்கிற மனிதனுக்கு நாம் கொடுக்கும் பரிசு இது. வாங்குகிறவனும் பச்சை விறகுதான் வரும் என்று தெரிந்தே விலையைக் குறைத்துப் பேசுகிறான். வேலிக்காரருக்குக் கூலி கட்டாமல் போவது இங்கிருந்து தொடங்குகிறது.

கொழுந்தைப் பாருங்கள். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிப்பது பழைய வழக்கம். எவ்வளவு கழிப்பது என்று தராசடியில் சண்டையும் உண்டு, ஆனால் சண்டை போட ஒரு அடிப்படை இருக்கிறது. சிறுதோட்டக்காரருக்குக் கொழுந்து விலை எப்படி வர வேண்டும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது, தூள் விற்ற காசில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு. 1883இலிருந்து கொழும்பில் ஏலம் நடக்கிறது. அந்தக் கொழுந்தை உலர்த்தும் விறகுக்கு இது எதுவும் கிடையாது. டேப், தொங்கு தராசு, கம்பிக் குத்து, வாய்ச்சண்டை. தோட்டத்துப் பசும்பால்கூடக் கொழுப்புப் பார்த்துத்தான் விலை போகிறது. விறகுக்கு ஈரம் பார்த்து விலை போட வேண்டும் என்பதுதான் இந்த வாரம் எனக்குத் தேறிய ஒரே கருத்து. மற்றதெல்லாம் பிறகு.

டீமேக்கர் அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். தூளின் ஈரம் பார்க்க அவரிடம் கருவி இருக்கிறதே, விறகிலிருந்து கொஞ்சம் சீவிப் போட்டால் போயிற்று. இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் கைக்கருவி ஒன்று என் பையிலும் இருந்தது. நானாவின் பச்சைக் கட்டில் குத்தினேன். அந்த வகைக் கருவி 30 வீதத்துக்கு மேல் போனால் நம்பிக்கையாகச் சொல்லாது, ஆகவே “ரொம்ப ஈரம்” என்பதற்கு மேல் அதனிடம் கேட்பதில் பயனில்லை. வெட்டி நாளான ஒரு கட்டு மூலையில் கிடந்தது, 19 காட்டியது. இரண்டையும் நானாவின் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவருக்குக் கருவியே தேவைப்படவில்லை.

இலை பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது, நானாவிடம் விறகைவிட இலையைக் கேட்டு வந்தவர்கள்தான் அதிகமாம். அந்த வருடக் கடைசியில் தடை போனதும் அந்த வியாபாரமும் போனது. எனக்கென்னவோ இலையை வேலிக்காரரிடமே விட்டுவிட்டுக் கட்டையை மட்டும் எடுப்பது நல்லது என்று படுகிறது. ஆட்டுக்கும் ஆகும், மிளகுக்கும் ஆகும், மண்ணின் சத்தையும் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டால் ஐந்தாறு வருடத்தில் வேலியே மெலிந்துவிடும்.

ஞாயிறு – மஹியங்கனை

பதுளையிலிருந்து கீழே இறங்கி மஹாவலிச் சமவெளிக்கு வந்தாயிற்று. நெல், சோளம், சூடு. டோக்கியோ சீமெந்து நிறுவனம் திருகோணமலையில் விறகு போன்ற தாவரப் பொருளை எரிக்கும் 10 மெகாவாட் உயிர்த்திணிவு மின்நிலையம் அமைத்த பிறகு, இங்கே மஹியங்கனையில் 5 மெகாவாட்டில் இன்னொன்றை வைத்தது. விவசாயிகளிடமிருந்து கிளிரிசீடியா வாங்குவதையே அடிப்படையாக வைத்துப் போட்ட திட்டம். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை, கேட்கவும் இல்லை. ரோட்டில் வரும்போது வேலிகளைத்தான் பார்த்தேன். பசறையைவிடப் பூ குறைவு, மொட்டை அடித்த மரம் அதிகம். தினமும் வாங்கும் ஒரு ஆள் இருந்தால் வேலி எப்படி மாறும் என்று தெரிந்துகொள்ள உள்ளே போகத் தேவையில்லை. ஆனால் வாங்குகிறவர் ஒருவர் மட்டும் என்றால் விலையும் அவர் சொல்வதுதான். இந்த விஷயத்தில் மலையகத்துக்கு ஒரு வசதி, நூற்றுக்கணக்கான சின்ன உலைகள் அங்கங்கே இருக்கின்றன.

முந்தைய பதிவுகளைப் படித்த நண்பர் ஒருவர், விறகுக்குச் சந்தை வந்தால் காட்டை வெட்ட மாட்டார்களா என்று கேட்டிருந்தார். பயம் நியாயமானது. இலங்கை கட்டளைகள் நிறுவனம் 2016இல் நிலைபேறான விறகுக்கென்று எஸ்.எல்.எஸ். 1551 என்ற தரக் கட்டளையைக் கொண்டு வந்ததும் இதற்காகத்தான், விறகு எந்த நிலத்திலிருந்து எப்படி வெட்டப்பட்டது என்று காட்ட வேண்டும். ஏற்றுமதி செய்யும் தேயிலைக்காரர்களிடம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் இதைக் கேட்கிறார்கள். வேலியில் வெட்டிய பெருவிரல் தடிமன் கிளையைக் காட்டு மரம் என்று யாரும் சந்தேகப்பட முடியாது. அந்த வகையில் கிளிரிசீடியாவுக்கு அதன் மெலிந்த உடம்பே சான்றிதழ்.

மத்தியானம் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி நானாவுக்கும் தெமோதரை அண்ணனுக்கும் நடுவில் தரகு பேசினேன். ஒரு லொறி சோதனைக்கு. பசறையிலிருந்து ஸ்டோருக்கு அதிக தூரமில்லை, அதனால் போக்குவரத்தில் தகராறு வரவில்லை. விலை 20 வீத ஈரத்துக்கு என்று நிர்ணயம், அதற்கு மேல் போனால் கழிவு, குறைந்தால் கூடுதல். லொறியின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எனக் கட்டை எடுத்து ஸ்டோர் கருவியில் பார்ப்பது, நானாவின் பையன் பக்கத்தில் நிற்க வேண்டும். இதுவரை சுலபமாக வந்தது.

காசு எப்போது என்பதில்தான் முட்டியது. ஸ்டோர் வழக்கப்படி பில் கொடுத்து ஒன்றரை மாதம். நானா வேலிக்காரருக்குக் கையோடு கொடுக்கிறவர், அதோடு காயும்வரை சில வாரம் கொட்டகையில் முதல் கிடக்கும். ஒன்றரை மாதமும் சேர்ந்தால் அவர் வட்டிக்கு வாங்கித்தான் விறகு வாங்க வேண்டும். ஏழு நாள் என்றார் நானா. மேலே கேட்க வேண்டும் என்றார் அண்ணன். ஹசலக்கையைத் தாண்டி பதினெட்டு வளைவு தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது. ஹுன்னஸ்கிரியாவில் திரும்ப எடுத்தபோது பதினான்கு நாளுக்கு வந்திருந்தார்கள், முதல் லொறிக்கு மட்டும், தார்ப்பாய் ஸ்டோருடையது. அடுத்த லொறிக்கு என்ன செய்வது என்று இரண்டு பேரும் என்னைக் கேட்டார்கள். முதல் லொறியின் ஈரத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லி வைத்தேன்.